அக்கா பிரித்த வரிசைகள்

ஆடை ஆலையில் அக்காவுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். அவள் அதை உற்றுப் பார்ப்பதுகூட இல்லை. மடியில் போட்டு ஒரு தடவை தடவுவாள், எங்கே தையல் தப்பியிருக்கிறதோ அங்கே விரல் தானாக நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். தைத்தவள் மதியம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிற தோழியாக இருந்தாலும் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த விரல் மட்டும் ஓய்வு பெற மறுத்தது. விருந்துக்குப் போன வீட்டில் ஜன்னல் திரையைத் தடவிப் பார்த்து முகம் சுளிக்கிறவள் உலகத்திலேயே தன் மனைவி ஒருத்திதான் என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

தங்கைக்கும் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெயர் உண்டு. வெண்ணெய்க்கை. அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பிறந்து சில நாள் ஆன சிசுவின் கையில் ரத்தக்குழாயைத் தேடி ஊசி ஏற்றுவது எல்லோருக்கும் வாய்க்கிற வித்தை அல்ல. அவள் இடது கை ஆள்காட்டி விரலை அந்தப் பிஞ்சுத் தோலின் மேல் மெல்ல வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, “இங்க இருக்கான் பாரு” என்பாள். ஒரே குத்துதான், குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். மற்ற நர்ஸுகள் தேடித் தேடிக் கைவிட்ட குழந்தைகளை அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு சரியாகத்தான் சேர்ந்திருந்தது. ஆனால் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் மரத்துப் போயிருந்தது. சுடுகிறதா குளிர்கிறதா என்றுகூட அதற்குத் தெரியவில்லை. “விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுத்துக்கிட்டே இருங்க, மெல்ல உணர்ச்சி வரலாம்” என்றார் டாக்டர். ‘வரும்’ என்று சொல்லாமல் ‘வரலாம்’ என்றதை நினைத்து அவள் பல நாள் சரியாகத் தூங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு பஞ்சுப்போர்வை தைக்கத் தொடங்கியிருந்தாள். தங்கையின் மகளுக்கு. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டதும் செருப்பைக் கழற்றிப் போடுவது பெரியம்மா வீட்டு வாசலில்தான். கல்யாணமாகிக் குளிர் அதிகமான ஊருக்குப் போனவள், “பெரியம்மா, காலெல்லாம் விறைச்சுப் போகுது” என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அவ்வளவு போதாதா? ஆலையிலிருந்து பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சட்டைத்துணி வெட்டுகள் மூட்டையிலிருந்து வெளியே வந்தன. நீலமும் சந்தனமுமாகச் சதுரம் சதுரமாக ஒட்டி மேல்துணி தயாரானது. நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. மூன்றும் நகராமல் சேர்ந்திருக்க, வரிசை வரிசையாகக் கையால் நூலோட்டம் போட வேண்டும். மெஷினில் ஓட்டிவிடலாமே என்று கணவர் கேட்டதற்கு, “மெஷின் தைச்சதை நான் வாழ்நாள் பூரா பார்த்தாச்சு. இது நம்ம பொண்ணுக்கு” என்று முடித்துவிட்டாள்.

கணவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். இரண்டு உருளைக் கட்டைகள், இரண்டு கால்கள், சுழலாமல் பூட்ட ஒரு பல்சக்கரம் என்று அவரே ஒரு சட்டம் செய்து முன்னறையில் நிறுத்தினார். போர்வையை அதில் சுற்றி, தைக்கிற பகுதியை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டால், எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து தைக்கலாம்.

இரண்டாவது நாற்காலிக்குத் தங்கை வந்து சேர்ந்தாள்.

“எனக்கும் ஒரு ஊசி குடுக்கா. என் பொண்ணுக்கு நானும் தைக்கறேன். விரலுக்கும் வேலை ஆச்சு.”

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வலது கை மேலே ஊசியைப் பிடிக்கும், இடது கை துணிக்கு அடியில் காத்திருக்கும். ஊசி முனை அடிவிரலைத் தொட்ட அந்த நொடியே விரல் அதை மேலே தள்ளிவிட வேண்டும். “அடிவிரல் எவ்வளவு சீக்கிரம் முனையைக் கண்டுபிடிக்குதோ, அவ்வளவு சின்னதா தையல் விழும். மேல் கை சும்மா கூலியாள்தான், முதலாளி அடியில இருக்கறவன்” என்றாள். தங்கை சிரித்தாள். அவளுடைய முதலாளிதான் படுத்த படுக்கையாக இருந்தார்.

முதல் வரிசை முடிந்தது. சொல்லக்கூடாதுதான், ஆனாலும் அது தையல் என்று சொல்லத்தக்கதாக இல்லை. மணி அடித்ததும் வெளியே ஓடுகிற பள்ளிப்பிள்ளைகள் மாதிரி ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று பக்கத்து வரிசைக்கே போய்விட்டது.

“சட்டம் கோணலா இருக்கோ அத்தான்?” என்றாள் தங்கை.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்றார் அத்தான், பல்சக்கரத்தைத் தட்டிக் காட்டி. மூவரும் சிரித்தார்கள். தங்கை இருட்டுவதற்குள் வீட்டுக்குக் கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

அவள் தலை மறைந்ததும் அக்கா சட்டத்தின் முன்னால் வந்து நின்றாள். அந்த வரிசையின் மேல் விரல் போனது. நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு நீளத் தையல் இருந்தா அந்தப் பொண்ணு கால் நீட்டும்போதெல்லாம் கட்டைவிரல் மாட்டிக்கும்” என்றாள் கணவரிடம், அவர் எதுவும் கேட்காமலே. சிறு கத்தரிக்கோலை எடுத்தாள். தங்கையின் வரிசை முழுவதையும் பிரித்தாள். அதே ஊசித்துளைகளை நகத்தால் தேய்த்து மறைத்து, அதே இடத்தில் தன் தையலைப் போட்டாள், பொடிப்பொடியாக, அளந்து வைத்தது போல. பாவம், பெற்ற மகளுக்குக் கொடுக்கிற பொருளில் அவள் தலைகுனிய வேண்டாமே என்றுதான் செய்தாள். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டுமென்றால் அதில் அன்பு பாதி, அரிப்பு பாதி.

மறுநாள் தங்கை வந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“அக்கா, இது நேத்து நான் போட்டதா?”

“பின்னே யாரு போட்டதாம்?”

“இவ்வளவு நல்லா போட்ட மாதிரி இல்லையே.”

அக்கா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள். “சட்டத்துல இழுத்துக் கட்டியிருக்கும்போது எல்லாம் பெருசாத்தான் தெரியும். சாயங்காலம் நான் தளர்த்தி விடறேன் இல்ல? துணி ஆறினப்புறம்தான் தையலோட நிஜ அளவு தெரியும்.”

வாழ்நாளெல்லாம் ஒரு கோணல் தையலை மன்னிக்காதவள், தோழிக்கும் ஸ்டிக்கர் ஒட்டியவள், அப்படிப்பட்டவள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? தங்கை நம்பினாள். அன்று இன்னொரு வரிசை போட்டாள். அன்று மாலையும் அக்கா பிரித்தாள்.

இப்படியே நாள் போனது. “பகல்ல அவ தைக்கிறா, சாயங்காலம் நீ பிரிக்கிற. இந்தப் போர்வை முடியறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் பேரப்பிள்ளையே பிறந்துடும்” என்றார் கணவர். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஏனென்றால் தங்கை மாறிக்கொண்டிருந்தாள். அழுக்குத் துண்டு மாதிரி சுருண்டு கிடந்தவள் இப்போது வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டினாளாம், பால் பாக்கெட்டைத் தானே பிரித்தாளாம். நல்லதுதானே நடக்கிறது, நாம் என்ன திருடியா விட்டோம் என்று அக்கா தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் பிரிக்கும்போது அடித்துணியில் கடுகளவு ரத்தப் பொட்டு இருந்தது. ஊசி ஆழமாகவே குத்தியிருக்க வேண்டும். தங்கை “ஆ” என்றுகூடச் சொல்லவில்லையே என்று அக்கா யோசித்தாள். சொல்லவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். குளிர்ந்த தண்ணீரில் சோப்பைத் தொட்டுத் துடைத்தாள். பொட்டு போய்விட்டது. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் தங்கை நாற்காலியில் உட்காராமலே சொன்னாள்.

“அக்கா, திங்கக்கிழமை வார்டுக்குத் திரும்பப் போறேன். ஹெட் நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன்.”

“என்னடி திடீர்னு? டாக்டர் பார்த்தாரா?”

“டாக்டர் என்ன பார்க்கறது? நீதானே சொன்ன, அடிவிரல் முனையைக் கண்டுபிடிச்சாத்தான் தையல் சின்னதா விழும்னு. இங்க பாரு, எல்லாம் எவ்வளவு சின்னது! ஊசி முனையைத் தொட்டுக் கண்டுபிடிக்கிற விரலுக்கு ஒரு வெயினைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?” அவள் அந்த வரிசைகளின் மேல் கை வைத்தாள். “சில சமயம் ஒண்ணும் தெரியாத மாதிரிதான் இருக்கு. ஆனா தையல் பொய் சொல்லுமா?”

தையல் பொய் சொல்லாதுதான், தைத்தவள் சொல்வாள். அக்கா வாயைத் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைய வரிசையையும் போட்டுவிட்டு அவள் போன பிறகு கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். எப்போதும் கேலி பேசுகிற மனிதர் அன்று கேலி பேசவில்லை.

“சட்டைன்னா ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிடலாம். அங்க அவ தொடப்போறது குழந்தை கையை. நாளைக்கு நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

அக்கா சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கோழைக்கு எப்போதும் ஒரு குறுக்குவழி தெரியும். அன்று தங்கை போட்டுவிட்டுப் போன வரிசையை அவள் பிரிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் வந்து பார்ப்பாள், புரிந்துகொள்வாள், நாம் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள். மனுஷர்கள் போடுகிற கணக்குகளில் இதைவிட மோசமானது இருக்க முடியாது.

மறுநாள் தங்கை வந்தாள், பார்த்தாள், நின்றாள். பொடித்தையல் வரிசைகளுக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரிசை மட்டும் தாறுமாறாகக் கிடந்தது. அவள் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, விரல் நுனியை மாற்றி மாற்றிக் கிள்ளினாள்.

“அக்கா... கை மறுபடியும் போயிடுச்சு.” குரல் உடைந்தது. “ஒரே நாள்ல எப்படிக்கா? முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்துச்சே. எனக்குள்ள வேற ஏதோ ஆயிடுச்சுக்கா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“உனக்கு ஒண்ணும் ஆகலடி.”

“இதைப் பாரு! இதைப் பார்த்துட்டும் ஒண்ணும் ஆகலங்கறியே!”

“இதுதான் நீ போட்டது” என்றாள் அக்கா. “மத்ததெல்லாம் நான் போட்டது. நீ போனதும் பிரிச்சுட்டு நான் திருப்பித் தைச்சேன். தினமும். முதல் நாள்ல இருந்து.”

தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்ப மறுத்தது.

“நீ மனசொடைஞ்சு போவியேன்னுதான்...” என்று அக்கா ஆரம்பித்தாள். பிறகு அதை விட்டுவிட்டாள். “அதுவும்தான். என் கண்ணுக்கு அது பொறுக்கவும் இல்ல.”

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒற்றைக் கோணல் வரிசையை வெகுநேரம் பார்த்தாள்.

“முதல் நாள் எப்படிப் போட்டேன், இப்போ எப்படிப் போடறேன்னு நான் இனிமே எதை வச்சுக்கா பார்ப்பேன்?” என்றாள். “கொஞ்சமாவது முன்னேறியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அது இப்போ யாருக்குமே தெரியாது இல்ல? எல்லாத்தையும் பிரிச்சுட்டியே.”

அக்காவுக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பிரித்த நூல்களெல்லாம் என்றைக்கோ குப்பையோடு போய்விட்டன.

தங்கை எழுந்து போனாள். திங்கட்கிழமை வார்டுக்கு வர முடியாது, விரல் இன்னும் சரியாகவில்லை என்று அவளே ஹெட் நர்ஸிடம் சொன்னாள். சீட்டு பதிகிற மேசையில் உட்காரவைத்தார்கள். உள்ளே குழந்தைகள் அழுவதைக் கேட்டுக்கொண்டே பெயரும் வயதும் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா போன் செய்தால் எடுக்கவில்லை. கணவர் செய்தால் எடுத்தாள், “நல்லா இருக்கேன் அத்தான்” என்றாள், வைத்துவிட்டாள்.

அக்கா தங்கையின் பக்கத்திலிருந்த தன்னுடைய வரிசைகள் அத்தனையையும் பிரித்தாள். அந்த ஒரு கோணல் வரிசையை மட்டும் தொடவில்லை. தன் கையால் தைத்த நல்ல தையலைத் தானே பிரிப்பது இதுதான் முதல் தடவை. பாதியில் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு பிரித்தாள். பிறகு கணவரும் பக்கத்து வீட்டுத் தச்சரும் போர்வையோடு சட்டத்தை அலாக்காகத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பின்னால் அக்கா, மண்ணில் படாமல் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. பார்த்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். “கட்டில் இடம் மாறுது” என்றார் கணவர்.

தங்கை கதவைத் திறந்தாள்.

“உன் பக்கம் காலியா இருக்கு” என்றாள் அக்கா. “அந்த ஒரு வரிசை அப்படியே இருக்கு. அதுக்கப்புறம் நீ தொடங்கு. நீ கூப்பிடற வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

சட்டம் உள்ளே வருவதற்காகத் தங்கை கதவின் மற்றொரு பாதியையும் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா பட்ட பாடு இருக்கிறதே. இரண்டு தெரு தள்ளி ஒரு கோணல் தையல் விழுந்துகொண்டிருக்கிறது, தான் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல்சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் கணவர் அடிக்கடி போய்வந்தார். “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “எனக்கு இரும்புதான் தெரியும், நூலெல்லாம் தெரியாது” என்பார். அவருக்கு நன்றாகவே தெரியும்.

மழை ஓய்ந்து வெயில் திரும்பிய சமயத்தில் தங்கையே போன் செய்தாள். “முடிஞ்சுது. அடுத்த வாரம் பொண்ணு வந்து எடுத்துட்டுப் போறா. அதுக்கு முன்னாடி நீ வா” என்றாள்.

அக்கா போனபோது போர்வை சட்டத்திலிருந்து இறங்கி, கட்டில் மேல் விரித்துக் கிடந்தது. தங்கை ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டாள்.

“உன் மேசைக்கு வந்த சட்டைன்னு நினைச்சுக்கோ. பார்த்துச் சொல்லு. எனக்காக ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்.”

அக்கா கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டாள். விரலைப் பழைய கோணல் வரிசையில் வைத்தாள். “ரிஜெக்ட்” என்றாள். அடுத்தது. “ரிஜெக்ட்.” அதற்கடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொரு வரிசையிலும் விரல் நின்று நின்று போனது. தங்கை கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவுக்கு வந்தபோது விரல் நிற்பது கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனாலும் நின்றது. “ரிஜெக்ட்தான்டி.”

கடைசி வரிசையில் விரல் நின்றது, போனது, பிறகு போய்க்கொண்டே இருந்தது. அக்கா திரும்ப எடுத்து, அதே இடத்தில் மறுபடி வைத்துத் தடவினாள்.

“இங்க...” என்றாள். “இங்கேர்ந்து இதுவரைக்கும், ஒரு சாண் நீளம். இதுல என் விரல் எங்கேயும் நிக்கல.”

“நிஜமா?”

“நிஜமா. இந்த ஒரு சாண் பாஸ். மத்ததெல்லாம் ரிஜெக்ட்.”

தங்கை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு சாணின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

“அதைப் போடும்போது ஊசி சுருக்குன்னு குத்துச்சுக்கா. வலிச்சுது. எவ்வளவு நாளாச்சு அந்த விரல் வலிச்சு! வலிக்குதுன்னு ஓடிவந்து உன்கிட்ட சொல்லணும்போல இருந்துச்சு. உன்கூடத்தான் பேச்சே இல்லையே. தனியா உக்காந்து விரலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

அக்கா அவள் கையை எடுத்து, அந்த விரல் நுனியைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“அப்போ வார்டுக்கு?” என்றாள் அக்கா.

“ஒரு சாணை நம்பிக் குழந்தை கையைத் தொடறதா? போக்கா.” தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இன்னும் ஒரு போர்வை தைக்கணும். அத்தான்கிட்ட சொல்லு, சட்டம் இங்கயே இருக்கட்டும்.”

“இந்தத் தடவை யாருக்கு?”

“உனக்குத்தான். ஒரு தையலைக்கூடப் பிரிக்காம போத்திக்கணும்.”

அக்கா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. தன்னால் முடியுமா என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தலையாட்டினாள்.